ஊருணியில் எடுத்த படம்

நான் பாடம் நடத்திய கல்லூரிக்கு முதல் டிஜிட்டல் கேமரா வந்திருந்த நேரம். சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில், நாட்டு நலப்பணி முகாமை நான்தான் நடத்தினேன். மாணவர்கள் ஊருணிக் கரையில் முள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இணையதளத்துக்குப் படம் எடுப்பாக இருக்கட்டும் என்று, "தண்ணியில இறங்கி நில்லுங்கப்பா" என்றேன். தயங்கினார்கள். அதட்டினேன். செருப்போடு இறங்கினார்கள். சேறு புகையாய் எழுந்து தண்ணீர் கலங்கியது.

குடத்தோடு வந்த ஒரு பெண் பதறினார். "அய்யய்யோ, குடிக்கிற தண்ணி சார்! நாங்களே படியில நின்னுதான் மொள்ளுவோம். இது தெளியிற வரைக்கும் பிள்ளைகளுக்கு எங்கன போயி தண்ணி எடுப்பேன்?"

"ஒரே ஒரு படம்தாம்மா."

படம் அழகாக விழுந்திருந்தது. ஓரத்தில் மட்டும், வெறுங்குடத்தோடு திரும்பிப் போகும் அவருடைய முதுகு. கணினியில் அந்த ஓரத்தை வெட்டிவிட்டு, 'சேவையில் எம் மாணவர்கள்' என்று ஏற்றினேன். பாராட்டினார்கள்.

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம், நான் வெட்டியெறிந்த ஓரத்தில் அந்த முதுகு நடந்துகொண்டே இருக்கிறது.