படம் எடுக்கப் பத்து நிமிடம்

சந்தையில் என் சித்திக்கு வைத்திருக்கும் பெயர் ‘சந்தேகம்’. “டேய், சந்தேகம் வருது, தராசுத் தட்டைத் துடை” என்று ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குச் செய்தி ஓடும். தராசுகளைச் சோதிக்கும் ஆய்வாளர் வேலையில் அவளுக்கு இருபத்தாறு வருடம். முதலில் சாதாரணப் புடவையில், கூடையோடு போய், ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிச் சிரித்துவிட்டு வருவாள். அடுத்த வாரம் சோதனை எடைகள் அடங்கிய மரப்பெட்டியோடு அதே கடை வாசலில் நிற்பாள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்வது சோதனையே இல்லை என்பது அவள் கட்சி.

வீட்டிலும் அப்படித்தான். நான் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்து, ஐந்தாவது மாடியில் இருக்கும் சித்தி, சித்தப்பா வீட்டில் தங்கிய முதல் வாரம், நான் வாங்கி வைத்திருந்த கவிதைத் தொகுப்பு ஒன்றைப் புரட்டிப் பார்த்தாள்.

“இதுல பாதிப் பக்கம் காலியா இருக்கே. கடைக்காரன் முழு விலைதானே வாங்கினான்?”

அன்றிலிருந்து கவிதைப் புத்தகங்களைப் பெட்டிக்கு அடியில் வைக்கிறேன்.

சித்தப்பா பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போட்டவர். ஒரு வண்டி ஒரு நிறுத்தத்தில் அரை நிமிடம் கூடுதலாக நின்றால் அவருக்குத் தூக்கம் வராது. ஓய்வு பெற்ற மறு வருடம் இதயத்தில் அடைப்பு வந்து, ரத்தக் குழாயில் ‘ஸ்டென்ட்’ என்னும் வலைச்சுருள் வைத்து அனுப்பினார்கள். அதற்கப்புறம் எட்டு மாதம் சித்தியின் கண் அவரை விட்டு நகரவில்லை. “நல்லா நடக்கலாம்” என்று மருத்துவர் சொன்னபோது, “நல்லான்னா எவ்வளவு? கிலோமீட்டர்ல சொல்லுங்க” என்று கேட்டவள் அவள்.

இந்த நிலையில்தான் சித்தப்பா மலைநடைக்கு அழைக்கும் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்தார். மலைமேல் ஒரு பழைய மரக்குடில். நூற்றி நாற்பது வருடத்துக்கு முன் ஒரு மனிதர் அங்கே தனியாக இருந்து, தினமும் மழையையும் காற்றையும் அளந்து எழுதியிருக்கிறார். எளிய நடை, போக வர ஏழு கிலோமீட்டர், காலையில் கிளம்பினால் மாலைக்குள் வீடு.

“எளியன்னு யாரு சொன்னா? நடந்தவனா, அச்சடிச்சவனா?” என்றாள் சித்தி.

அந்த நடையை நடத்தும் மலையடிவார அலுவலகத்துக்கு இரண்டு முறை தொலைபேசி செய்தாள். இரண்டாவது முறை குரலை மாற்றிக்கொண்டு பேசினாள். இரண்டு பதில்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க. ஒத்துப்போயின. அதிலும் அவளுக்குச் சந்தேகம்தான். “ஒப்பிச்ச மாதிரி இருக்கு” என்றாள். இருந்தாலும் கடைசியில் இறங்கி வந்தாள். மூன்று பேரும் போகலாம், ஆனால் திட்டம் எழுத்தில் வேண்டும்.

சித்தப்பாவுக்குக் கொண்டாட்டம். கட்டம் போட்ட தாளில் அளவுகோல் வைத்துக் கோடிழுத்து, பணிமனை நாட்களைப் போலவே அட்டவணை தயாரித்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார். சித்தி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தாள்.

“எட்டேகாலுக்கு நடை ஆரம்பம். எட்டு நாப்பதுக்குப் படம் எடுக்கப் பத்து நிமிஷம். ஒன்பதேகாலுக்குப் படம் எடுக்கப் பத்து நிமிஷம். ஒன்பது அம்பதுக்கு மறுபடியும் படம்.” நிமிர்ந்தாள். “இறங்கும்போது ஒண்ணுகூட இல்லையே?”

“அதான் ஏறும்போதே எடுத்தாச்சே.”

“யாரு எடுக்கப் போறா?”

“இவன்தான்.”

என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. நான் தரையைப் பார்த்தேன். அரை நிமிடத்துக்குத் தூக்கம் கெட்ட மனிதர், முப்பது நிமிடத்தை இப்படி வாரி இறைக்கிறார். சித்தி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அவள் கேள்வி கேட்பதை நிறுத்தினால் எதிராளி பயப்பட வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை, சித்தப்பா ரொட்டி வாங்கக் கீழே போனார். கதவு சாத்தியதும் சித்தி ஒரு காகிதத்தில் ‘லிஃப்ட் பழுது’ என்று பெரிதாக எழுதி என் கையில் கொடுத்தாள்.

“கீழ ஒட்டிட்டு, அங்கயே மறைஞ்சு நில்லு. அவர் ஏறும்போது ஒரு மாடி தள்ளி, சத்தம் போடாம பின்னாலயே வா. ஏதாவதுன்னா கத்து. ஓடி வந்துருவேன்.”

“பாவம் சித்தி.”

“பாவம்னுதான்டா பாக்கறேன்.”

அலமாரியிலிருந்து மருத்துவமனை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டாள். அதை நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

தபால் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றேன். சித்தப்பா வந்தார். காகிதத்தைப் படித்தார், படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார், ஏறத் தொடங்கினார். முதல் மாடி சரளமாகப் போனது. இரண்டாவது மாடி தாண்டியதும் ரொட்டிப் பையைக் கீழே வைத்துவிட்டு, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார். அது வார் இல்லாத செருப்பு. மூன்றாவது மாடியில் குடியிருக்கும் வாத்தியாரின் பூட்டிய கதவுக்கு முன் சுவரில் கையூன்றி நின்றார். கத்த வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அவர் நகர்ந்தார். நான்காவது மாடியில் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கைக்குட்டையால் முகத்தை ஒற்றி, சட்டையை இழுத்துவிட்டு, மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார். அடங்கியதும் மீதிப் படிகளில் சீட்டியடித்துக்கொண்டே ஏறினார்.

அவர் கட்டடத்துக்குள் நுழைந்ததை ஜன்னலிலிருந்து பார்த்து நேரம் குறித்திருந்த சித்தி, வாசலில் நின்றிருந்தாள்.

“லிஃப்ட் பழுதாம். பரவால்ல, ஒரே மூச்சுல ஏறிட்டேன்.”

“ஆறு நிமிஷம் நாப்பது வினாடி.”

“மூணாவது மாடி வாத்தியார் பிடிச்சுக்கிட்டார். அவர் வாயத் திறந்தா மூடறதுக்கு ஆள் வைக்கணுமே.”

சித்தி அவர் தோளுக்கு மேலாக, படியில் நின்ற என்னைப் பார்த்தாள். “வாத்தியார் பேசினாராடா?”

சித்தப்பா திரும்பினார். என்னை அங்கே எதிர்பார்க்கவில்லை. அவர் கண் என்னிடம் எதையோ கேட்டது.

“கதவு பூட்டியிருந்துது, சித்தி” என்றேன்.

“ஓகோ, ஒற்றனெல்லாம் வச்சிருக்கியா?” என்று சித்தப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் மூச்சாக மாறியது.

“எத்தன நாளா?” என்றாள் சித்தி.

“என்னது?”

“எத்தன நாளா இப்படி?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “ஒரு மாசமா. சொன்னா என்ன பண்ணுவ? கட்டில்லயே கட்டிப் போட்ருவ. எட்டு மாசமா இந்த நாலு சுவரு. ஒரே ஒரு தடவ அந்த மலைமேல போய் நிக்கணும்னு இருந்துது. அவ்வளவுதான்.”

“நின்னுட்டு? அங்கயே விழுந்தா நான் யாரக் கேக்கறது? இவனையா?”

 சித்தி உடனே மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்தாள். இப்போதே வரச் சொன்னார்கள். நான் ஓடிப்போய்க் காகிதத்தைக் கிழித்துவிட்டு லிஃப்டை மேலே கொண்டுவந்தேன்.

“எப்ப மூச்சு முட்டுது?” என்று மருத்துவர் கேட்டார். சித்தி வாயைத் திறந்து, உதட்டைக் கடித்து மூடிக்கொண்டாள். சித்தப்பா அவளை ஒருமுறை பார்த்தார்.

“ரெண்டாவது மாடி தாண்டினா.”

பரிசோதனைகள் முடிய மாலையாகிவிட்டது. பயப்படும்படி புதிதாக ஒன்றுமில்லை, மாத்திரையை மாற்ற வேண்டும், ஆறு வாரம் கழித்துத்தான் மலையைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று சித்தப்பாவுக்கு ஒரு திட்டும் கிடைத்தது.

வெளியே வந்ததும் சித்தப்பா மெல்லக் கேட்டார். “அப்ப புதுசா அட்டவணை போடட்டுமா?”

“போடுங்க. படம்னு எழுதாம, மூச்சு வாங்க நிக்கணும்னே எழுதுங்க.”

“எழுதினா கூட்டிட்டுப் போவியா?”

 சோதிக்காமல் எதையும் சொல்லிச் சித்திக்குப் பழக்கமில்லை. அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே, அவரைவிட அரையடி பின்னால் நடந்துவந்தாள்.