செங்கேணி அக்கா போகாத கொல்லிமலை

செங்கேணி அக்கா இறந்த செய்தி எங்களுக்குக் கொல்லிமலையில் வந்தது. அருவியில் குளித்துவிட்டுப் படியேறி வந்து, மேலே டீக்கடை பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கீழே சிக்னல் இல்லை. மேலே வந்ததும் எல்லோருடைய போனும் ஒரேயடியாக அடிக்கத் தொடங்கியது. லதாதான் முதலில் எடுத்தாள். அந்தப் பக்கம் அக்காவின் மகள் கவிதா. "அம்மா பூட்டாங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். லதா போனை என்னிடம் நீட்டினாள். அந்தப் பயணத்தை முதலிலிருந்து கடைசிவரை திட்டமிட்டவர் அக்கா. எங்கள் பிரிவில் வராதவரும் அவர் ஒருவர்தான்.

எங்கள் கடலோரப் பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், சோப்புக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் அவரோடு நின்று வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் மலைக்குக் கிளம்பினார், காப்பு கட்டிய ஊரைத் தாண்டினார், அதனால்தான் அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று ஒரு பேச்சு கம்பெனி வாசல்வரை வந்துவிட்டது. பொய். அவர் தாண்டவில்லை. இதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

அக்காவுக்கு வீராம்பட்டினத்துக்கும் தெற்கே ஒரு சின்ன மீனவ ஊர். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கம்பெனி வேலைக்கு வந்தார். கடற்கரையில் வீடு வைத்துக்கொண்டு கடலை நிமிர்ந்து பார்க்காத ஒருவர் என்று நான் கண்டது அவரைத்தான். கொல்லிமலை அருவியை யாருடைய போனிலோ பார்த்த நாளிலிருந்து அதே பேச்சு. "கடல்ல தண்ணி நம்மளத் தேடி வரும். அங்க அது பாட்டுக்கு வுழுவுது. நாமதான் தேடிப் போவணும். அத ஒரு தரம் பாத்துடணும்டி" என்பார்.

சாப்பாட்டு நேரத்தில்தான் திட்டம் நடக்கும். எங்கள் டிபன் பாக்ஸ்களை வரிசையாக வைத்து வழி காட்டுவார். லதாவின் சாம்பார் டப்பா விழுப்புரம், என் தயிர்சாதம் ஆத்தூர், அவருடைய மீன்குழம்பு தூக்கு எப்போதும் மலை. எந்த ஊரில் கழிப்பறை சுத்தமாக இருக்கும், வாந்தி எடுப்பவள் எந்த சீட்டில் உட்கார வேண்டும் என்பதுவரை யோசித்திருந்தார். வீட்டில் விடமாட்டார்கள் என்று யாராவது இழுத்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "வூட்டுக்காரர எதுக்குடி கேக்குற? கேட்டாதான் வாணாம்பாரு. போறேன்னு சொல்லு, போ." மூன்று பேர் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் வீட்டிலிருந்து கிளம்பினார்கள். அதில் நானும் ஒருத்தி.

போன வருஷம் அவருக்கு இதயத்தில் வால்வு சரியில்லை என்று தெரிந்தது. பேக்கிங் மாடிக்கு ஏறும்போதே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆபரேஷன் செய்யவேண்டும், அதுவரை படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அருவிக்கு ஆயிரம் படி இறங்கவேண்டுமே அக்கா என்றேன். "எறங்குறதுக்கு எதுக்குடி மூச்சு வாங்கப் போவுது? ஏறுறத அப்புறம் பாத்துக்கலாம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வருஷம் என்று ஒன்று அவருக்கு இருக்குமா என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும். இந்த வருஷம் போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

எங்களுக்கு மொத்தமாக லீவு கிடைப்பது மெஷின் பராமரிப்புக்காகக் கம்பெனியை மூடும் நாட்களில் மட்டும்தான். இந்த முறை ஆனியிலேயே மூடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் அக்கா வண்டி பேசினார். கடைசி நேரத்தில் ஆர்டர் வந்துவிட்டது என்று ஆடிக்குத் தள்ளிவிட்டார்கள். ஆடியில் அவர்கள் ஊர் அம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால் தேர் முடியும்வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத் தங்கக்கூடாது. தேதியைக் கேட்டதும் அக்கா கையிலிருந்த சோப்பைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பயணத்தையே நிறுத்திவிடலாம் என்றோம். திட்டினார். "எனக்குக் காப்பு. ஒங்களுக்கு என்னாடி காப்பு?" விடியற்காலை கிளம்பி ராத்திரியே திரும்பிவிடலாம், வாருங்கள் என்று கெஞ்சினேன். விரல் விட்டு நேரத்தைக் கணக்குப் போட்டார். வந்துவிடுவார் என்றே நினைத்தேன். பிறகு சொன்னார்: "வண்டி எங்கனா நின்னுட்டா? எம் புள்ளயும் நெதம் கடலுக்குப் போறான். எவன் போட்டுக்கு என்னா ஆனாலும் செங்கேணி தாண்டுனதாலன்னு சொல்வாங்க. அவனுக்கே எதுனா ஆனா நானே அப்படித்தான் சொல்வேன்." ஒரு மனிதரைக் கடல் தின்ற வீட்டில் போய் நான் எந்த நியாயத்தைப் பேசுவது?

கிளம்பும் மாலையில் வண்டிக்கு வந்தார். ஒரு அண்டா புளிசாதம் கொண்டுவந்திருந்தார். வாந்தி எடுப்பவளை முன் சீட்டுக்கு மாற்றினார். டிரைவரிடம், "வளைவுல பாத்துத் திருப்பு தம்பி, எல்லாம் புள்ளைங்கள வுட்டுட்டு வந்துதுங்க" என்றார். படியில் கால் வைக்கவில்லை. இருட்டுவதற்குள் ஊருக்குப் போகவேண்டும் என்று, வண்டி நகரும் முன்பே திரும்பி நடந்தார்.

மறுநாள் மதியம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்திருக்கிறார். செய்தி வந்ததும் வண்டியைத் திருப்பினோம். முகத்தையாவது பார்த்துவிடலாம் என்றுதான் வந்தோம். ஊருக்குள் நுழைந்தபோது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம், சீரியல் பல்பு. அவர் வீட்டு வாசல் மட்டும் கழுவி ஈரமாக இருந்தது.

"காப்பு கட்டிக்கீதுக்கா. பொணத்த வெக்கக் கூடாதுன்னுட்டாங்க. மேளம் இல்ல, ஒண்ணும் இல்ல. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துட்டாங்க" என்றாள் கவிதா.

எந்தக் காப்புக்காக அவர் ஊரைத் தாண்டாமல் இருந்தாரோ, அதே காப்பைச் சொல்லி அவரை அவசர அவசரமாக ஊரை விட்டு அனுப்பியிருக்கிறார்கள். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. தேதியை மாற்றியவர்களையா, ஊரையா, அம்மனையா? கவிதாவைக் கட்டிக்கொண்டு அழுதோம். பக்கத்து வீட்டம்மா வந்து, அழுகைச் சத்தம் கோயில்வரை கேட்கிறது என்றார். வாயைப் பொத்திக்கொண்டு அழுதோம்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒன்றுதான். "போட்டோ வாணாம், அது எல்லாரு கிட்டயும் இருக்குது. அருவி சத்தத்தப் புடிச்சினு வா" என்று கேட்டிருந்தார். பாறையில் நின்று போனில் பிடித்தேன். தண்ணீர் இரைகிறது. லதா கூச்சல் போட்டுச் சிரிக்கிறாள். நடுவில் என் குரல்: "அக்கா, கேக்குதா? அக்கா!" அது பதிவான நேரம் போனில் இருக்கிறது. அம்மா சாய்ந்த நேரம் என்று கவிதா சொன்னதும் அதுதான். அம்மாவுக்காகப் பிடித்ததைக் கொடுங்கள் என்று அவள் இரண்டு முறை கேட்டுவிட்டாள். எப்படிக் கொடுப்பேன்? அது என்னிடமே இருக்கட்டும்.