பகரக்காரி

"சுகிர்தக்கா உண்டா?" என்று வாசலில் நின்று யாராவது விளித்தால் சுகிர்தபாய் உள்ளேயிருந்து பதில் சொல்வதில்லை. தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்து, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, எழுந்து வாசல்வரை வருகிறாள். வந்தவர் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்க்கிறாள். பிறகுதான் "உண்டு" என்கிறாள். தபால்காரர் விளித்தாலும் இதே நடை, வங்கி மேலாளர் விளித்தாலும் இதே நடை.

தெருவில் போகிறபோக்கில் "சுகமா?" என்று கேட்டுவிட்டுப் போக முடியாது அவளிடம். நின்றுவிடுவாள். சுகமா இல்லையா என்று யோசிப்பாள். "நேத்து கொஞ்சம் தலவலி உண்டாயிருந்துது, இன்னைக்கு இல்ல, சுகம்தான்" என்று விவரமாகச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவருக்கு பஸ் போய்விடும். "சுகிர்தாவுக்கு எங்கயோ ஒரு ஸ்குரூ கழண்டுபோச்சு" என்று பாறசாலைச் சந்தையில் சொல்கிறார்கள். கழன்றது என்னவோ உண்மைதான். எது, எப்போது என்பதுதான் சந்தைக்குத் தெரியாது.

ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. அதுதான் அவளுடைய கம்ப்யூட்டர் சென்டர். கல்யாணக் கடிதம், மரித்தவர்களுக்கு ஓர்மை நாள் அட்டை, பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள், நில ஆதாரத்தின் நகல் எல்லாம் அடித்துக் கொடுப்பாள். ஒரே கல்யாணத்துக்குப் பெண்வீட்டார் தமிழில் கேட்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் மலையாளத்தில் கேட்பார்கள். இரண்டும் அவள் விரலுக்கு ஒன்றுதான். வாசலைப் பார்த்த மேசையில் பழைய கம்ப்யூட்டர், அச்சு வேலைக்கு. பின்சுவரை ஒட்டிய மேசையில் இன்னொன்று. அதற்கும் தொலைபேசிக்கும் நடுவில் மோடம். அவளுக்கு நாற்பது வயதாகப் போகிறது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பால் விடாத கட்டன்சாயா ஆறிப்போனால்தான் குடிப்பாள்.

பின்மேசைக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. படம் கிடையாது, பாட்டு கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும், அவ்வளவுதான். 'நீ ஒரு கிணற்றடியில் நிற்கிறாய், வடக்கே காடு' என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டும். வடக்கே போக வேண்டுமானால் அதை எழுத வேண்டும். உலகத்தின் பல மூலைகளிலிருந்து நூறு நூற்றைம்பது பேர் ஒரே நேரத்தில் அந்தக் காட்டுக்குள் திரிவார்கள், சண்டை போடுவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். சுகிர்தபாய் சண்டைக்குப் போகவில்லை. மருந்துக்காரி வேஷம் எடுத்துக்கொண்டு கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். காயத்தோடு வருகிறவர்களுக்கு மருந்து போட்டு அனுப்புவது அவள் வேலை.

ஒரு நாள் 'நெய்யாறு' என்ற பெயரில் ஒருவன் காயத்தோடு கிணற்றடிக்கு வந்தான். "நெய்யாற்றங்கரையா?" என்று ஆங்கில எழுத்தில் நம் பேச்சையே எழுதிக் கேட்டாள். "காஞ்சிரங்குளமாக்கும்" என்று வந்தது பதில். பெயர் யோசுவா. இருபத்தொன்பது வயது. ஷார்ஜாவில் ஒரு சரக்குக் கம்பெனியின் கிட்டங்கியில் கணக்கப்பிள்ளை. மத்தியானம் லாரி வராத நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வருவான். அதற்குப் பிறகு காயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிணற்றடிக்கு வந்தான். "அக்கா உண்டா?" என்று கேட்பான். "உண்டு. சொல்லு மக்கா" என்று எழுதுவாள். அந்த நாட்களில் வாசலில் யார் விளித்தாலும் அவள் தலை நிமிராமல் சொன்ன பதிலும் அதுவே. முகம் பார்க்காத அந்த இரண்டு பேரும் ஒரு வருஷம் சமையல் பேசினார்கள், மழை பேசினார்கள், மரச்சீனிக்கிழங்கு பேசினார்கள்.

விளையாட்டில் ஒரு தொல்லை உண்டு. பத்து நிமிஷம் ஒன்றும் எழுதாமல் இருந்தால் வெளியே தள்ளிவிடும். மறுபடி உள்ளே போக வேண்டுமானால் மோடம் திருவனந்தபுரத்தை விளிக்க வேண்டும். இருபது தடவை விளித்தால் ஒரு தடவை கிடைக்கும். கடையிலோ ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒரு கல்யாணக் கடிதம் அடித்துவிட்டுத் திரும்பினால் ஆட்டம் போயிருக்கும். அவளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்?

இதற்கு ஒரு குறுக்குவழி இருந்தது. விளையாட்டை நடத்துகிறவர்கள் தந்ததல்ல, யாரோ வெளியாள் எழுதி இணையத்தில் போட்டிருந்த குட்டிப் புரோகிராம். அதை விளையாட்டோடு ஒட்டிவைத்துவிட்டால் நமக்குப் பதிலாக அதுவே எழுதும். 'வெளிப் புரோகிராம் ஒட்டக் கூடாது, ஆளில்லாத இடத்தில் ஆள் இருப்பதுபோல் காட்டக் கூடாது' என்று விதியில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். சுகிர்தபாய் அதை வாசித்துச் சிரித்தாள். "ஓ, பெரிய கோர்ட்டு விதி" என்றாள். ஒட்டினாள். அதற்கு 'பகரக்காரி' என்று பெயரும் வைத்தாள், தனக்குப் பகரம் நிற்கிறவள் என்று.

பகரக்காரி கெட்டிக்காரி. காயத்தோடு வந்தவனுக்கு மருந்து போட்டாள். "அக்கா உண்டா?" என்று யாராவது எழுதினால் "உண்டு. சொல்லு மக்கா" என்றாள். அதற்கு மேல் என்ன சொன்னாலும் மாற்றி மாற்றிச் சொல்ல சுகிர்தபாயே நாலு பதில் எழுதிக் கொடுத்திருந்தாள். "ஓ." "அப்படியாக்கும்." "பின்ன?" "நல்லது." நம் ஊரில் பாதிப் பேச்சு இந்த நாலில்தானே ஓடுகிறது! ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. யாராவது பேசினால் கம்ப்யூட்டர் 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம் போடும். பகரக்காரி இருக்கிறாளே என்று சுகிர்தபாய் திரும்பிப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.

தொண்ணூற்றெட்டு நவம்பரில் ஒரு மத்தியானம். கள்ளிக்காட்டிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்து முன்மேசையைச் சூழ்ந்து நின்றார்கள். தாய்மாமன் பெயர் மேலே வர வேண்டும் என்று ஒரு கட்சி, பெரியப்பா பெயர் மேலே வர வேண்டும் என்று ஒரு கட்சி. நாற்பது நிமிஷம் அடித்துத் திருத்தினாள். முதுகுக்குப் பின்னால் டிங், டிங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. "என்ன சேச்சி சத்தம்?" என்று மாமன் கேட்டார். "ஒண்ணும் இல்ல, அது பாத்துக்கிடும்" என்றாள்.

எல்லாரும் போன பிறகு எட்டிப் பார்த்தாள். திரையின் அடியில் கடைசி இரண்டு வரி. 'நான் போறேன் அக்கா.' 'நல்லது.' லாரி வந்திருக்கும், வேலைக்குப் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டாள். மேலே தள்ளி வாசிக்கவில்லை. பசித்தது, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தாள்.

மூன்று வாரம் நெய்யாறு வரவில்லை. நாலாவது வாரம் காஞ்சிரங்குளத்திலிருந்து சுவாமிதாஸ் என்று ஒருவர் ஓர்மை நாள் அட்டை அடிக்க வந்தார். மருமகன் போட்டோவையும் ஒரு துண்டுக் காகிதத்தையும் நீட்டினார். ஷார்ஜாவில் மரித்த யோசுவா, வயது இருபத்தொன்பது. சுகிர்தபாய் பெயரை அடித்தாள், ஊரை அடித்தாள், மரித்த தேதியை அடித்தாள். தேதியில் விரல் நின்றுவிட்டது. கள்ளிக்காட்டுக் கல்யாணக் கடிதம் அடித்த அதே நாள்.

"என்ன செய்துச்சு?" என்று கேட்டாள்.

"நெஞ்சுவலின்னு கம்பெனிக்காரன் எழுதியிருக்கான். அவனுக எழுதினத நாம வாசிக்கணும், வேற என்ன" என்றார் சுவாமிதாஸ். அவர் அதை நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

அட்டையை முடித்துக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். பகரக்காரி எல்லாப் பேச்சையும் கோப்பில் சேர்த்து வைப்பவள். அன்றைய பேச்சைத் திறந்தாள். 'அக்கா உண்டா?' 'உண்டு. சொல்லு மக்கா.' 'அப்பன் செத்து மூணு மாசம் ஆச்சு, முகம் பாக்க விடல்ல.' 'ஓ.' 'பாஸ்போர்ட்டு மேனேஜருக்க பெட்டியிலயாக்கும். கேட்டா அடிக்கான்.' 'அப்படியாக்கும்.' 'அக்கா எனக்கு இனி வய்யா, தாங்க முடியல்ல.' 'பின்ன?' 'நீங்க ஒருத்தி கேக்கது கொண்டாக்கும் சொல்லுதேன்.' 'நல்லது.' இப்படியே முப்பத்தொரு தடவை. பாவி, முப்பத்தொரு தடவை! அவளுடைய வாய்ச்சொல், அவளுடைய மக்கா. கேட்க மட்டும் ஆள் இல்லை.

பகரக்காரியை அன்றே அழித்தாள். பேச்சைக் காகிதத்தில் அச்செடுத்து, உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று காஞ்சிரங்குளத்துக்கு பஸ் ஏறினாள். யோசுவாவின் அம்மை அம்மிணி முற்றத்தில் ஓலை கீறிக்கொண்டிருந்தாள். எழுத்து தெரியாதவள்.

"கடைசியா எனக்க பிள்ள உனக்ககிட்டயா பேசினான்? வாசி மக்ளே, அவன் சொன்னத கேக்கணும்."

அவன் சொன்னதை வாசித்தாள். தன் முறை வந்தது. 'ஓ' என்று எழுதியிருந்தது. அம்மிணி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுகிர்தபாய் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து, "கரையாத, அழாத மக்கா, அப்பன் உன்ன நெனச்சுக்கிட்டுத்தான் போயிருப்பாரு" என்றாள். அடுத்ததற்கும் அப்படியே ஒன்று. முப்பத்தொன்றுக்கும். கடைசியில், "போவாத மக்கா. நான் இஞ்ச உண்டு. அம்மைக்க நம்பர தா, நான் விளிச்சுச் சொல்லுதேன்" என்றாள். அம்மிணி அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "போவாதன்னு சொல்ல ஒரு ஆளாவது உண்டாயிருந்துதே எனக்க பிள்ளைக்கு. கர்த்தர் உன்ன வாழவைப்பாரு." உள்ளதைச் சொல்ல வந்தவள் பொய்யை விதைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

அது முளைத்தது. மாதா மாதம் முதல் சனிக்கிழமை அம்மிணி பாறசாலைக்கு வருகிறாள். வேதப்புத்தகப் பையிலிருந்து, அன்று வாங்கிவைத்துக்கொண்ட அந்தக் காகிதங்களை எடுத்துக் கொடுத்துவிட்டு எதிரில் உட்காருகிறாள். ஊரில் வாசிக்க ஆள் இல்லாமலா? "வேற ஆளு வாசிச்சா உனக்க சத்தம் வராதுல்லா" என்கிறாள். சுகிர்தபாய் எட்டு மாதமாக வாசிக்கிறாள். சொன்ன பொய்யை ஒரு வார்த்தை பிசகாமல் திரும்பச் சொல்லியாக வேண்டுமே! முதல் சனிக்கு முந்தின நாள் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

விளையாட்டை விட்டுவிட்டாளா என்றால், இல்லை. இப்போதும் கிணற்றடிக்குப் போகிறாள். ஒவ்வொரு எழுத்தையும் கையால்தான் அடிக்கிறாள். வாசலில் ஆள் வந்தால் காட்டில் நிற்கிறவர்களிடம் பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டு வெளியேறிவிட்டுத்தான் வருகிறாள். அதற்குள் வாசலுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள், போகட்டும்.

இந்த மாதச் சனிக்கிழமை நல்ல மழை. அம்மிணி நனைந்த முந்தானையைப் பிழிந்துவிட்டு வழக்கம்போல எதிரில் உட்காரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காகிதம் இருவருக்கும் நடுவில் இருந்தது. சுகிர்தபாய் வாசிக்கத் தொடங்கினாள். அவன் சொன்ன நீள வரியை வாசித்தாள். அடுத்த வரிக்கு வந்து, கண்ணை எடுத்து, "கரையாத, அழாத மக்கா, அப்பன் உன்ன நெனச்சுக்கிட்டு..." என்றாள்.

அம்மிணியின் விரல் வந்து அந்த வரியில் நின்றது.

"எழுத்து எனக்குத் தெரியாது மக்ளே. நீளம் தெரியும். ஓல கீறுற கையாக்கும். இவ்வளவு போல இருக்க வரியில நீ சொல்லுத பேச்செல்லாம் எப்பிடி கொள்ளும்? நாலஞ்சு மாசமா பாக்கேன். இதுல உள்ளத வாசி."

வெளியே ஒரு பஸ் தண்ணீரை அடித்துக்கொண்டு போனது. சுகிர்தபாய் வாசித்தாள். "ஓ."

விரல் இறங்கியது. "அப்படியாக்கும்." இன்னும் இறங்கியது. "பின்ன?" "நல்லது." அவன் வரிகளையெல்லாம் தாண்டித் தாண்டி, குட்டை வரிகளில் மட்டும் விரல் நின்றது. கடைசித் தாளின் கடைசி வரி வந்தது.

"நல்லது."

அம்மிணி விரலை எடுக்கவில்லை. அழவும் இல்லை. "இது நீ இல்ல, இல்லியா? அவன் பேசிட்டு இருந்தப்ப நீ எங்க இருந்த மக்ளே?"

கேட்ட கேள்விக்கெல்லாம் யோசித்துப் பதில் சொல்கிறவள் யோசிக்கவில்லை. கையைத் தூக்கி முன்மேசையைக் காட்டினாள். மூன்றடி தூரம்.