நான் கேட்டதைவிடப் பெரிய நீதி

பிரியமானவர்களே, செய்யாத குற்றத்துக்காகத் துபாயில் எட்டு மாதம் நீதிமன்றப் படி ஏறியவன் நான். அந்நாட்களில் என் உள்ளம் எவ்வளவு கசந்திருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2005-ஆம் ஆண்டு. துபாயின் அல் கூஸ் பகுதியில் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மதியம் நான் சாப்பிடப் போயிருந்தபோது, ஃபோர்மேன் ராஜன் அவசரத்தில் லைசென்ஸ் இல்லாமலே என் வண்டியை எடுத்தார். அடுக்கியிருந்த மரப்பெட்டிகள் சரிந்தன. பாகிஸ்தானின் பெஷாவரைச் சேர்ந்த குல் கான் என்ற தொழிலாளி அடியில் சிக்கிக்கொண்டார். சத்தம் கேட்டு ஓடிவந்த நான், ராஜன் வண்டியிலிருந்து குதிப்பதைக் கண்ணால் பார்த்தேன். பெட்டிகளைப் புரட்டிக் குல் கானை வெளியே இழுத்தேன்.

போலீஸ் வந்தது. ராஜன் என்னைக் கைகாட்டினார். "இவன்தான் சார் டிரைவர்."

அவர் என் ஊர், தூத்துக்குடி. துபாயில் ஒரே சபையில் பக்கத்தில் நின்று பாடினவர்கள் நாங்கள்.

வழக்குப் பதிவானது. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். தலையில் அடிபட்ட குல் கானுக்குப் பேச்சு வரவில்லை. ராஜன்தான் ஓட்டினார் என்று நான் சொன்னதற்கு வேறு சாட்சி இல்லை. இதற்கிடையே அம்மா இறந்துபோனாள். அடக்கத்துக்குப் போக முடியவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ராஜன் எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் இரகசியமாகச் சாராயம் காய்ச்சுவது எங்களுக்குத் தெரியும். என் ரூமில் தங்கியிருந்த ராமநாதபுரத்து முத்து சொன்னான்: "அண்ணே, போலீசுக்கு ஒரு போன் போடுங்க. கலாஸ்! அந்தாளு கதை முடிஞ்சுது."

போனை எடுத்தேன். எண்ணையும் அழுத்திவிட்டேன். இதனால் என் வழக்கு தீரப்போவதில்லை. அவர் அழுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆசை எனக்கே பயமாக இருந்தது. போனை அணைத்துவிட்டுக் கட்டிலருகே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, நியாயம் தீர்ப்பது உம்முடைய வேலை. நான் விலகிக்கொள்கிறேன்."

குல் கான் எனக்காகச் சாட்சி சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் ஜெபித்தேன். நாளாக ஆக, அந்த ஜெபம் மாறியது. அவர் எழுந்து நடக்கட்டும், பிள்ளைகளிடம் போய்ச் சேரட்டும் என்று மட்டுமே கேட்டேன்.

எட்டாவது மாதம் அவர் ஊன்றுகோலுடன் நீதிமன்றத்துக்கு வந்தார். பேச்சும் மெல்லத் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்து, "யே நஹீ" என்றார். இவரில்லை! சாட்சியாக வந்திருந்த ராஜனை நோக்கிக் கை நீட்டினார். வண்டியை ஓட்டியவர் ராஜன் என்றும், தன்னை இழுத்துக் காப்பாற்றியவன் நான் என்றும் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்: "மைனே மாஃப் கியா." நான் மன்னித்துவிட்டேன்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முதலில் நான் கேட்டது என் விடுதலை மட்டுமே. ஆண்டவரோ உண்மையையும் இரக்கத்தையும் ஒரே மனிதரின் வாயிலிருந்து வரச் செய்தார். ராஜன் அழுதார். அதைப் பார்க்க ஆசைப்பட்ட நானும் சேர்ந்து அழுதேன்.

அந்த மன்னிப்பால் ராஜனுக்குத் தண்டனை குறைந்தது. சிறைக்குப் போய் அவரைப் பார்த்தேன். கம்பிக்கு அப்பால் தலை குனிந்தபடி, "என்ன மன்னிப்பியால?" என்றார்.

"நானும் ஒங்களக் கெடுக்கத்தான் நெனச்சேன் அண்ணாச்சி. ஆண்டவர்தான் விடல" என்றேன்.

உங்களுக்கு அநியாயம் செய்தவரின் பெயரைச் சொல்லும்போதே நெஞ்சு எரிகிறதா? அந்தப் பெயரை ஆண்டவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். அவர் தீர்க்கும் விதத்தைப் பார்த்து நடுங்குவீர்கள், என்னைப்போல, சந்தோஷத்தில்.