கோட்டுப் பையிலிருந்த போல்ட்

வெர்னா மே ஹோலென்பெக், 1946–2019. பென்சில்வேனியாவின் வடக்கு மேட்டு நிலத்தில் பிறந்து, அங்கேயே மணம் முடித்து, அங்கேயே அடக்கமானவர். முப்பத்தொரு ஆண்டுகள் பால் பரிசோதகராக வேலை பார்த்தார். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பண்ணைக்கும் சென்று, ஒவ்வொரு மாடும் கறக்கும் பாலை நிறுத்து, கொழுப்பு பார்ப்பதற்கு மாதிரி எடுத்து, நோட்டில் எழுதி வருவது அந்த வேலை. அவர் எழுதிய எண் சில பண்ணைக்காரர்களுக்குப் பிடிக்காமல் இருந்திருக்கலாம். தவறு என்று எவரும் சொன்னதில்லை.

பன்னிரண்டு வயதிலிருந்து மான் வேட்டைக்குப் போனவர். நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமை பருவம் தொடங்கும். பள்ளிக்கூடங்கள்கூட அன்று மூடியிருக்கும். வெர்னாவின் இடம் வீட்டுக்கு மேலே உள்ள மேட்டில், ஒரு பெரிய ஹெம்லாக் மரத்தடி. தந்தை 1966இல் கொடுத்த துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, விடியும் முன்பே அங்கே உட்கார்ந்துவிடுவார்.

2011 கோடையில் அவருடைய வலது தோளில் அறுவைச் சிகிச்சை நடந்தது. தந்தையின் துப்பாக்கி தோளில் உதைக்கும் உதையை இனித் தாங்க முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எனவே அக்டோபரில், உதை குறைந்த ஒன்றை வாங்க டெல்பர்ட் மக்கேபின் கடைக்குச் சென்றார். ஆணி, மாட்டுத் தீவனம், துப்பாக்கி மூன்றும் ஒரே கூரையின் கீழ் விற்கும் கடை அது. படிவத்தில் வரிசையாகக் கேள்விகள். மனநலச் சிகிச்சைக்காக விருப்பத்துக்கு மாறாக எங்கேனும் சேர்க்கப்பட்டதுண்டா என்பது அவற்றில் ஒன்று. வெர்னா எல்லாவற்றுக்கும் விடை எழுதியது போலவே அதற்கும் ‘இல்லை’ என்று தெளிவான எழுத்தில் எழுதினார்.

வெர்னாவுக்கு விற்கலாமா என்று கேட்க, டெல்பர்ட் மாநிலக் காவல்துறைக்குத் தொலைபேசியில் பேசினார். வழக்கமாக மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். அன்று வெகு நேரம் வரவில்லை. பதில் வந்தபின், ரிசீவரை வைத்துவிட்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி மேசையைத் துணியால் துடைத்தார்.

“வெர்னா, உங்களுக்கு விக்கக் கூடாதுங்கிறாங்க.”

“எதுக்காம்?”

“எங்கிட்டச் சொல்ல மாட்டாங்க. நீங்க இந்தத் தாள்ல எழுதிக் கேக்கணும். முப்பது நாள் டைம் இருக்கு.” பிறகு, “உங்களுக்குன்னு பார்த்ததை உள்ள எடுத்து வைக்கிறேன். வேற யாருக்கும் காட்ட மாட்டேன்” என்றார்.

வேலிக்கம்பி வாங்க வந்திருந்த இருவர், கம்பியின் முறுக்கை அதற்கு முன் பார்த்தேயிராதவர்கள் போல ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மாலைக்குள் ஊர் முழுவதும் செய்தி தெரிந்துவிடும் என்பதை வெர்னா அவர்களுடைய முதுகைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

கணவர் கிளேட்டன் முதலில் கேலி செய்தார். “எந்த பேங்க்ல கொள்ளையடிச்ச? என் பங்கு வரவே இல்லையே.” வேறு ஏதோ ஒரு வெர்னாவின் குற்றம் இவள் பெயரில் ஏறியிருக்கிறது என்பது அவர் கட்சி. மூன்று வாரம் கழித்துக் காவல்துறையின் பதில் வந்தது. ‘1988 ஜனவரி 19. விருப்பத்துக்கு மாறாக மனநல மருத்துவமனையில் சேர்ப்பு.’ அதைப் படித்த கிளேட்டன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

அந்த ஜனவரியை வெர்னா மறந்திருக்கவில்லை. அவர்களுடைய ஒரே குழந்தை லோர்னா அதற்கு முந்தைய செப்டம்பரில் பிறந்து, டிசம்பரில் தூக்கத்திலேயே இறந்துபோனாள். ஒரு மாதம் கழித்து, கன்றுகளுக்கு வாளியில் தண்ணீர் எடுக்கக் குளத்துப் பனியை உடைக்கப் போனபோது வெர்னா வழுக்கி விழுந்தார். நனைந்து விறைத்துப்போனவரைக் கிளேட்டன் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மூன்று நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்று அவர்கள் சொல்ல, வெர்னா சம்மதித்தார். தம் காலால் நடந்து போனதாகத்தான் அவருடைய நினைவு. வாழ்நாளில் இரண்டு மூன்று முறை அதைப் பற்றிப் பேச நேர்ந்தபோதும் அப்படியே சொல்லியிருக்கிறார்.

மாநிலக் காவலர் ஒருவர் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி, படிவத்தில் ஏன் இல்லை என்று எழுதினீர்கள் எனக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றார் வெர்னா. காவலர் அதை நம்பினார். ஆனால் வீட்டில் எந்தத் துப்பாக்கியும் இருக்கக் கூடாது, கணவருடையதும் சேர்த்து என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துப் பண்ணை ஓரின் ஸ்டாப் வந்து, ஐந்து துப்பாக்கிகளையும் குதிரைக் கம்பளியில் சுற்றித் தம் வண்டியில் ஏற்றினார். “என் பொண்டாட்டி வீட்டு விருந்தாளிங்களை விட இவங்க சத்தம் போடாம இருப்பாங்க” என்றார். சிரிப்பு வரவழைக்க அவர் பட்ட பாட்டுக்காகவே வெர்னா சிரித்தார்.

மாவட்டத் தலைநகரில் மிஸ் பென்ட்லி என்ற வழக்கறிஞர் இரண்டு வழிகளை விளக்கினார். முதலாவது, அந்த மருத்துவமனைத் தாளே தவறு என்று வாதிட்டு அதை அழிக்கச் செய்வது. இரண்டாவது, அன்று நடந்தது உண்மை, ஆனால் இன்று நான் நலமாக இருக்கிறேன் என்று நீதிபதியிடம் சொல்லி, உரிமையைத் திரும்பக் கேட்பது. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல இயலாது. தேர்ந்தெடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள் என்று கோப்பிலிருந்த ஒரு தாளை நீட்டினார்.

அது கிளேட்டனின் கையெழுத்து. ‘என் மனைவி காலை ஏழு மணிக்குக் குளத்துக்குப் போனாள். கோடாரி எடுக்கவில்லை, வாளி எடுக்கவில்லை. ஊற்று விழும் மூலையில், பனி பிடிக்காத இடத்தில், இடுப்பளவு நீரில் நின்றாள். கூப்பிட்டேன், வரவில்லை. இறங்கித் தூக்கி வந்தேன். மருத்துவமனையில் இருக்கச் சம்மதிக்கவில்லை.’

வெர்னா அதை இருமுறை படித்தார். இவர் பதற்றத்தில் ஏதேதோ எழுதியிருக்கிறார், முதல் வழியிலேயே போகலாம் என்றார். வீட்டுக்கு வந்து கிளேட்டனிடமும் அதையே சொன்னார்.

“வக்கீலம்மா என்ன சொல்லச் சொன்னாலும் சொல்றேன். நான்தான் தப்பா எழுதிட்டேன்னு வேணும்னாலும் சொல்றேன்.”

அந்த ஆண்டு நவம்பர் 28 திங்கட்கிழமை. ஐம்பத்துமூன்று ஆண்டுகளில் முதன்முறையாக வெர்னாவிடம் துப்பாக்கி இல்லை. ஆனாலும் ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, காப்பிக் குடுவையும் நோட்டும் எடுத்துக்கொண்டு, வழக்கம்போல ஹெம்லாக் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார். வந்த மான்களை எண்ணி எழுதினார். பெட்டை நான்கு, குட்டி இரண்டு. ஒன்பதரை மணிக்கு ஓர் ஆண் மான் முப்பது கஜ தூரத்தில் நின்று, இவரை நன்றாகப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் நடந்து போயிற்று.

துப்பாக்கி இருந்த காலமெல்லாம் அவர் கண் மானின் தடத்திலேயே இருக்கும். அன்று கண்ணுக்கு வேலையில்லை. கீழே, இலையுதிர்ந்த மேப்பிள் மரங்களுக்கு இடையே குளம் முழுவதும் தெரிந்தது. ஊற்று விழும் மூலை கறுப்பாக, உறையாமல் இருந்தது. கன்றுகள் அதில் எங்கிருந்து குடிக்கும் என்று, பழக்கத்தின் காரணமாகவே, கணக்குப் போட்டுப் பார்த்தார். நவம்பர் நடுவிலேயே கன்றுகளையெல்லாம் கொட்டகைக்குள் கட்டிவிடுவார்கள். கொட்டகையில் தண்ணீர்க்குழாய் 1979இலேயே வந்துவிட்டது. அந்த மேட்டு நிலத்தில் ஜனவரி மாதம் எந்தப் பண்ணையிலும் ஒரு கன்றும் வெளியே நிற்பதில்லை. மாதாமாதம் அத்தனை கொட்டகைகளிலும் ஏறி இறங்கிய அவருக்குத் தெரியாததல்ல அது.

அப்படியென்றால் பனியை எதற்காக உடைக்க வேண்டும்? நோட்டில் அதற்கு மேல் எதுவும் எழுதப்படவில்லை. நண்பகல் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

கிளேட்டன் கொட்டகையில் பால் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். வெர்னா வாசலிலேயே நின்றார்.

“கன்னுக்குட்டிங்க உள்ளதான் இருந்துச்சு, இல்ல?”

கிளேட்டன் தண்ணீரை நிறுத்தினார். “ஆமா.”

“இத்தனை வருஷம் நான் வாளி வாளின்னு சொன்னேனே. ஒரு தடவையாவது இல்லைன்னு சொல்லியிருக்கலாமே.”

“நீ வாளின்னு சொன்ன. வாளின்னு வச்சுக்கிட்டா உன்னால காலையில எந்திரிக்க முடிஞ்சுச்சு. எனக்கு அது போதும்னு இருந்துச்சு.”

மறுநாள் வெர்னா வழக்கறிஞரை அழைத்து, இரண்டாவது வழியில் போகலாம் என்றார். அது எளிதல்ல, எல்லாவற்றையும் திறந்த மன்றத்தில் சொல்ல நேரும் என்று மிஸ் பென்ட்லி எச்சரித்தார். என் கணவர் எழுதியது சரியான எண், அதை நான் திருத்த மாட்டேன் என்றார் வெர்னா. வழக்கறிஞருக்கு அது புரிந்ததா என்பது தெரியவில்லை.

வழக்கு 2012 செப்டம்பரில் விசாரணைக்கு வந்தது. மருத்துவரின் கடிதமும், ஓரின், டெல்பர்ட் உள்படப் பதினோரு பேரின் கடிதங்களும் மேசையில் இருந்தன. அன்று குளத்துக்கு எதற்காகப் போனீர்கள் என்று நீதிபதி கேட்டார். மன்றத்தில் பிற வழக்குகளுக்காகக் காத்திருந்த ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் இருவர் வெர்னா பால் எடை பார்த்த பண்ணைக்காரர்கள்.

“திரும்பி வர்றதுக்காகப் போகல, ஐயா,” என்றார் வெர்னா. “அதை நானே போன நவம்பர்லதான் தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் அங்க அப்படி ஒரு நாளும் போனதில்லை.”

பிறகு கிளேட்டன் சாட்சிக் கூண்டில் ஏறினார். மருத்துவமனையிலிருந்து மனைவி திரும்பியபோது வீட்டில் துப்பாக்கி இருந்ததா என்று நீதிபதி கேட்டார். இருந்தது, அவள் தந்தை கொடுத்த ஒன்று மட்டும் என்றார். அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் செய்யவில்லையா?

“குண்டை உள்ள தள்ளிப் பூட்டுற போல்ட்டைக் கழட்டிட்டேன், ஐயா. அது இல்லைன்னா வெறும் குழாய்தான். கொட்டகைக்குப் போடுற கோட்டுப் பையில பத்து மாசம் வச்சிருந்தேன். நவம்பர்ல எங்கேன்னு கேட்டா. எடுத்துக் குடுத்தேன்.”

“எதை நம்பிக் கொடுத்தீர்கள்?”

“மறுபடி ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிட ஆரம்பிச்சிருந்தா. என் டிராக்டர் ஓட்டுற லட்சணத்தைத் திட்ட ஆரம்பிச்சிருந்தா. அப்புறம், எங்கேன்னு என்னையே கேட்டாளே, ஐயா. தானா தேடி எடுக்கலையே.”

துப்பாக்கியில் போல்ட் இல்லாதிருந்தது வெர்னாவுக்கு நினைவிருந்தது. சுத்தம் செய்யக் கழற்றியிருப்பார் என்றே இருபத்துநாலு ஆண்டுகளாக எண்ணியிருந்தார். நீதிபதி வெகு நேரம் எதையோ எழுதினார். உரிமை திரும்ப வழங்கப்பட்டது என்ற தீர்ப்பு மூன்று வாரத்தில் வந்தது.

அக்டோபர் கடைசியில் வெர்னா கடைக்குப் போக, டெல்பர்ட் மீண்டும் காவல்துறைக்குத் தொலைபேசியில் பேசினார். இம்முறை பதில் வருவதற்குள் மழையைப் பற்றிப் பேசி முடித்து, விலையேறும் சோளத்தைப் பற்றியும் பாதி பேசியாகிவிட்டது. பின்பு, “சரின்னுட்டாங்க” என்று சொல்லி, ஓர் ஆண்டாக உள்ளே வைத்திருந்த துப்பாக்கியைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். தந்தையின் துப்பாக்கியை வெர்னா ஓரினிடமே விட்டுவிட்டார்.

அந்தப் பருவத்தில் அவர் ஒரு மான் சுட்டார். பருவத்தின் கடைசி நாளன்று துப்பாக்கியைச் சுத்தம் செய்து, எண்ணெயிட்டுத் துடைத்து, போல்ட்டைக் கழற்றிக் கிளேட்டனிடம் நீட்டினார். இது எதற்கு, நீதிபதியே உன்னிடம் கொடுத்துவிட்டாரே என்றார் கிளேட்டன்.

“அவருக்கு என்னை அரை மணி நேரந்தான் தெரியும். நீ வச்சுக்க. நவம்பர்ல கேக்கறேன்.”

கிளேட்டன் அதைக் கொட்டகைக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு ஆண்டுதோறும் அப்படியே நடந்தது. நவம்பரில் வெர்னா கேட்பார். கிளேட்டன் ஒரு கணம் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுப்பார். 2018 நவம்பரில் வெர்னா இதய நோயால் நாற்காலியை விட்டு எழவில்லை, கேட்கவும் இல்லை. போல்ட் கோட்டுப் பையிலேயே இருந்தது. வெர்னா அதைக் கடைசியாகக் கழற்றி அவர் கையில் வைத்தது 2017 டிசம்பர் 9, சனிக்கிழமை.