கடல் பார்க்காதவன் காட்டிய கடல்

ஊர் சுற்றிக் காட்டுகிற தொழிலுக்கு முதல் தகுதி, காட்டுகிற இடத்தைக் காட்டுகிறவன் முன்பே பார்த்திருப்பது. அந்தத் தகுதி இல்லாமலேதான் நான் அதில் சேர்ந்தேன். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ முப்பது பேரை ஒரே பஸ்ஸில் ஏற்றிப் போய், ஆள் குறையாமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்த புண்ணியவான்கள் இதைப் படிக்கிறவர்களில் இருப்பீர்கள். நீங்கள் பட்டதையே நானும் பட்டேன், தண்ணீருக்கு மேலே பட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பித்தளைப் பொத்தான்

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், அட்டனில் பஸ் வைத்திருந்த ஒரு முதலாளிக்குத் திடீரென்று ஒரு யோசனை பிறந்தது. தேயிலைத் தோட்டத்து ஆட்களைத் திருகோணமலைக்குக் கூட்டிப் போய், சாயங்காலம் லாஞ்சி என்கிற மோட்டார் படகில் ஏற்றி, குடாவைச் சுற்றிக் காட்டி, ராத்திரி தண்ணீரிலேயே தங்கவைத்து, காலையில் சூரியன் எழும்புவதைக் காட்டி இறக்கிவிடுவது. அதற்கு ஒரு கைடு வேண்டும் என்றார். நான் அப்போது டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில், தினமும் விடிகாலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் நின்று, வந்தவர்கள் பேரை எழுதிக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் பனியில் விறைத்த விரலோடு பென்சில் பிடித்ததில் வாழ்க்கையே வெறுத்திருந்தது. "கடலெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடுங்க" என்று முதலாளியிடம் அடித்துவிட்டேன். உண்மையில் நான் பார்த்த பெரிய தண்ணீர் நுவரெலியா ஏரி. அதுவும் பஸ் ஜன்னல் வழியாக.

செய்தி கேட்டு அப்பா காறித் துப்பாத குறை. தோட்டத்தில் சொன்ன அளவு கொழுந்து எடுக்காதவர்களுக்கு அரைப் பேர்தான் விழும், அதாவது பாதி நாள் சம்பளம். "நீ எங்க போனாலும் அரைப் பேருதான்டா" என்று வாழ்த்தி அனுப்பினார். முதலாளி பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கம்பளிக் கோட்டு ஒன்றை மாட்டிவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். தோட்டத்தை ஆள்கிற சின்ன துரை மாதிரியே இருந்தேன், எனக்கே என் மேல் மரியாதை வந்தது. அந்தக் கோட்டை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று நான் மனசுக்குள் சபதம் எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் முதலாளி சொன்னார்: "பஸ்ஸை விட்டு எறங்குற ஆளுல ஒருத்தர் வாயில கொறைன்னு ஒரு சொல்லு வந்தாலும், அங்கேயே கோட்டக் கழட்டிக் குடுத்துட்டுப் பெரட்டுக்குப் போயிரு."

போர்வை கொண்டு வரவும்

பயணத்துக்கு ஆள் சேர்க்கிற நோட்டீசை எழுதினது நான்தான். நமக்குத் தெரிந்த ராத்திரி ஒன்றே ஒன்று, பல் கிடுகிடுக்கும் அட்டன் ராத்திரி. தண்ணீருக்கு மேலே என்றால் இன்னும் மோசமாகத்தானே இருக்கும்? "இரவில் கடுங்குளிர். தகுந்த ஏற்பாட்டுடன் வரவும்" என்று எழுதிவிட்டேன். சித்திரை வருஷப் பிறப்பு லீவில் முதல் பயணம். ஒரே தோட்டத்திலிருந்து முப்பது பேர். கொழுந்தெடுக்கும் பெண்கள், அவர்கள் புருஷன்மார், அவர்களை வேலை வாங்குகிற ராமசாமிக் கங்காணி, எல்லாருக்கும் மேலே நலச் சங்கத் தலைவர் என்ற முறையில், தோட்டத்துத் தேயிலை பெக்டரியை நடத்துகிற டீமேக்கர் ஐயா. ஆளுக்கு ஒரு கம்பளி, சுவெட்டர், குரங்குத் தொப்பி. ராமசாமிக் கங்காணி ஒரு படி மேலே போய், குளிர் காய்வதற்கு ஒரு கட்டு தேயிலை மாரே கொண்டுவந்திருந்தார். தேயிலைச் செடியின் காய்ந்த கட்டை, அடுப்பில் வைத்தால் ஜம்மென்று எரியும்.

திருகோணமலையில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. கம்பளிக் கோட்டுக்குள் நான் ஆவியில் வெந்துகொண்டிருந்தேன், கழற்றினால் கைடு இல்லை. லாஞ்சி காசிம் நானாவுடையது. மூதூர்க்காரர், நல்ல மனிதர். மரத்தால் ஆன தன் லாஞ்சியில் ஒரு விறகுக் கட்டு ஏறுவதைக் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, இருவது வருஷமா லாஞ்சி ஓட்டுறன். கடலுக்கு வெறகோட வந்த ஆக்கள இண்டைக்குத்தான் காணுறன்."

கங்காணியின் சந்தேகம்

லாஞ்சி குடாவுக்குள் போனதும் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். நானும்தான். ஆனால் கைடு வாயைப் பிளக்கக் கூடாது என்பதால் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதுதான் கடல்" என்றேன். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் அந்த நேரம் மறந்து போயிருந்தது.

ராமசாமிக் கங்காணி கையைக் கண்ணுக்கு மேலே வைத்து நாலா பக்கமும் அளந்தார். எத்தனை ஏக்கர் என்று கேட்டார். கைடு தெரியாது என்றும் சொல்லக் கூடாது. பத்தாயிரம் என்றேன். இவ்வளவு இடத்தில் ஒரு செடிகூட நடவில்லையே, எந்தத் துரையுடையது என்றார். கவர்மெண்ட் இடம் என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. மலையில் மழைத் தண்ணீர் வடிவதற்கு வருஷா வருஷம் கான் வெட்டியே கை காய்த்துப்போன மனிதர் அவர். "அதான பாத்தேன்! கான் வெட்டிவுட ஆளில்லாமத்தான் தண்ணி இப்புடித் தேங்கிக் கெடக்கு."

பேச்சியம்மா பிடித்துவிட்டாள்

அரை மணி நேரம் போயிருக்கும். கடல் குளம் மாதிரிதான் கிடந்தது, என் வயிறுதான் கடலாகிவிட்டது. ஆளில்லாத இடமாகப் பார்த்து, லாஞ்சியின் பின்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலையில் தம்புள்ளையில் சாப்பிட்டது வரைக்கும் கடலுக்குக் கொடுத்தேன். நிமிர்ந்தால் பக்கத்தில் பேச்சியம்மா. நாற்பது வயதிருக்கும். தோட்டத்திலேயே அதிகம் கொழுந்தெடுக்கிறவள், அதே அளவு வாய். பாதி எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் திணித்தாள். எட்டு வயதில் தனுஷ்கோடியிலிருந்து கப்பலேறித் தலைமன்னாருக்கு வந்தவளாம். அந்தக் கப்பலில் இப்படி எத்தனை மூஞ்சிகளைப் பார்த்திருப்பாள்!

"தம்பி கடல இன்னிக்குத்தான பாக்குறீங்க?" என்றாள். பித்தளைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக உதிர்கிற மாதிரி இருந்தது. அம்மா, தாயே, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு லாஞ்சியின் முன்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே, லாஞ்சியில் இருந்த ஒரே ஒரு சாய்வு நாற்காலியில், டீமேக்கர் ஐயா காலை நீட்டிக் கிடந்தார். தோட்டத்தில் அவர் வருகிற பாதையில் கொழுந்துக்காரப் பெண்கள் ஒதுங்கி நிற்க வேண்டும், உட்கார்ந்திருந்தால் எழும்ப வேண்டும். "சத்தியமா யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா அந்த நாற்காலி எனக்கு வேணுங்க."

கப்பல் தேத்தண்ணி

டீமேக்கர் ஐயாவை எழுப்புவது எப்படி? அவர் தொழிலை வைத்தே எழுப்பினேன். "ஐயா, சமையல்கட்டில் தேத்தண்ணி ஊற்றுகிறார்கள். தாங்கள் ஒரு வாய் பார்த்துச் சொன்னால் நல்லது" என்றேன். உடனே எழுந்தார். பெக்டரியில் செய்கிற மாதிரியே கோப்பையை முகர்ந்து, ஒரு மடக்கைச் சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் புரட்டி, கடலைப் பார்த்துத் துப்பினார். பெக்டரியில் காற்று அடிப்பதில்லை. இங்கே அடித்தது. என் கோட்டின் முன்பக்கம் முழுக்கத் தேத்தண்ணி. தேத்தண்ணி போட்ட பையன் கோபித்துக்கொண்டு அடுப்பையே அணைத்துவிட்டான்.

ஐயா திரும்பி வந்தபோது நாற்காலியில் பேச்சியம்மா. கம்பளியை மடித்து முதுகுக்கு வைத்து, இரண்டு கையையும் நாற்காலிக் கையில் போட்டு, மகாராணி மாதிரி. இருபத்தெட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஐயா நின்றார். அவள் எழும்பவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றார். அவள் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது. கடைசியில் ஐயா கங்காணியின் விறகுக் கட்டில் போய் உட்கார்ந்தார். நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, கோபத்தையெல்லாம் தேத்தண்ணி மேலே காட்டினார். "முப்பது வருஷமா நல்ல தூளையெல்லாம் பெட்டியில அடைச்சு கப்பலுக்கு அனுப்பினேன். கப்பல்ல ஏறிப் பாத்தா இவனுங்க குடிக்கிறது இதத்தான்!"

நடுக்கடலில் பெரட்டு

ராத்திரி நல்லபடியாகப் போனது. ஆபத்து விடியும்போது வந்தது. இன்னும் சரியாக வெளுக்கவில்லை. எதிரே ஒரு மீன் வள்ளம் வர, காசிம் நானா லாஞ்சியின் கொம்பை ஊதினார். அதுதான் அவர் செய்த ஒரே தப்பு. தோட்டத்தில் அந்த நேரத்தில் கொம்பு ஊதினால் ஒரே அர்த்தம்தான், பெரட்டு. முப்பது பேரும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு இடது பக்கக் கம்பியோரம் வரிசையாகப் போய் நின்றார்கள். தூக்கக் கலக்கத்தில் ராமசாமிக் கங்காணி முன்னால் நின்று தலை எண்ணத் தொடங்கினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் கோட்டுப் பையில் பென்சிலைத் தேடினேன். லாஞ்சி இடது பக்கம் சாய்ந்தது. ஐயாவின் ஆசனமான விறகுக் கட்டு உருண்டு கடலில் விழுந்தது.

"ஒரு பக்கமா நிக்காதீங்க! பிரண்டுரும்! அந்தப் பக்கம் போங்க!" என்று காசிம் நானா கத்தினார். போனார்கள். தோட்டத்து ஆட்கள் எதையும் கூட்டாகச் செய்து பழகியவர்கள். முப்பது பேரும் சேர்ந்தே வலது பக்கம் போனார்கள். லாஞ்சி அந்தப் பக்கம் சாய்ந்தது. பெண்கள் சாமி பேரைச் சொல்லி அலறினார்கள். செத்தோம் என்றே நினைத்தேன். மனப்பாடம் செய்த கைடு பாஷையெல்லாம் அப்போது உதவவில்லை, வாயில் வந்தது, தேயிலைக் காட்டை மலை மலையாக நம்பர் போட்டு ஆள் பிரிக்கிற என் பழைய பெரட்டுப் பாஷைதான். "பொம்பள ஆளுக அஞ்சாம் நம்பர் மலைக்கு, இடது பக்கம்! ஆம்பளைக ஏழாம் நம்பருக்கு, வலது பக்கம்! நட!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். சொல்லி வாய் மூடவில்லை, இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். லாஞ்சி நிமிர்ந்தது. காசிம் நானா உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். சூரியன் எழும்பியதை ஒருவரும் பார்க்கவில்லை. கங்காணிதான் மெதுவாக என்னிடம் வந்து கேட்டார்: "ஏந்தம்பி, வேல இல்லாத பெரட்டுக்கு எதுக்குங்க கொம்பு ஊதுனாங்க?"

போத்தலில் கடல்

கரையில் இறங்கியதும் முகம் கழுவப் போன பெண்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் முழுக்க உப்பு. தேயிலைக்குள் அட்டைக்கடி பட்ட காலோடு வாழ்கிறவர்களுக்கு இது புதையல், உப்புப் பட்டால் அட்டை சுருண்டு விழுந்துவிடுமே! போத்தல், கூஜா, குழந்தையின் பால் போத்தல் வரைக்கும் நிரப்பிக்கொண்டார்கள். பஸ் கண்டி தாண்டுகிற வரையில் என் காலடியில் கடல் தளும்பிக்கொண்டே வந்தது. பேச்சியம்மா இரண்டு போத்தலை மடியில் வைத்திருந்தாள். "இனி அட்டை எங் கால் பக்கம் தல வச்சுப் படுக்குமா?"

முழுப் பேர்

அட்டனில் முதலாளி பஸ் வாசலிலேயே நின்றார். இறங்குகிற ஒவ்வொருவரையும், எப்படி, ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்று மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதலில் டீமேக்கர் ஐயா. நாற்காலியை இழந்தவர் குறை சொல்லாமல் விடுவாரா? ஆனால் நாற்காலிக் கதையைச் சொன்னால் விறகுக் கட்டுக் கதையையும் சொல்ல வேண்டுமே! "கடல் பரவாயில்லை" என்றுவிட்டுப் போய்விட்டார். ராமசாமிக் கங்காணி நடுக்கடலில் பெரட்டு வைத்தவர், அவரும் வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் கும்பிட்டுவிட்டு இறங்கினார்கள். கடைசியாகப் பேச்சியம்மா.

"கடலுக்கு முழுப் பேரு போடலாமுங்க" என்றாள். நான் மூச்சு விட்டேன். "ஆனா இந்தத் தம்பிக்கு அரைப் பேருதான்." முதலாளியின் புருவம் ஏறியது. என்ன குறை என்றார், கையையும் நீட்டினார். நான் முதல் பொத்தானைக் கழற்றிவிட்டேன். பேச்சியம்மா என்னைப் பார்த்தாள், கோட்டில் காய்ந்திருந்த தேத்தண்ணிக் கறையைப் பார்த்தாள், மடியிலிருந்த போத்தலைச் சரி செய்துகொண்டு சொன்னாள்: "கொற என்னாங்க கொற? முழுப் பேரையும் இப்பவே போட்டுட்டா, அடுத்த தடவ நா வாரப்ப எனக்கு அந்த நாற்காலிய யாரு புடிச்சுத் தருவா?"

அடுத்த தடவையும் வருவேன் என்ற பேச்சியம்மாவை நம்பி முதலாளி அந்தப் பயணத்தை வருஷா வருஷம் நடத்தினார், கோட்டும் என்னிடமே இருந்தது, முழுப் பேர் மட்டும் இன்று வரைக்கும் எனக்கு விழவில்லை.