புளி போட்டுத் துலக்கிய கார் விளக்கு

கார் விளக்குக்கு பல்பு மாற்றுவது பத்து நிமிஷ வேலை என்பார் என் வீட்டுக்காரர். அவருக்குப் பத்து நிமிஷம்தான். நடுவில் நான் புகுந்தால் எவ்வளவு நேரமாகும் என்பதை அவர் யோசித்துப் பார்த்ததில்லை.

அப்போது நாங்கள் இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவில் கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருந்தோம். அவர் சொந்தமாக ஒரு வாடகைக் கார் ஓட்டினார். உலக யுத்தத்துக்கு முன்னால் செய்த பழைய இங்கிலீஷ் கார். முன்விளக்குகள் இரண்டும் தவளைக் கண்போலத் துருத்திக்கொண்டு நிற்கும். சுற்றிலும் இருந்த தேயிலைத் தோட்டங்களில் பிரசவ வலியோ கல்யாணமோ எது வந்தாலும் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். அந்த வியாழக்கிழமை மட்டும் கார் எங்களுக்கே தேவைப்பட்டது. என் தங்கை இந்தியாவுக்குப் போகிறாள்.

அவள் பிறந்தது இங்கே, தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கென்று கட்டிய வரிசை வீட்டில். இந்தியா எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் கையைத் தூக்கிக் காட்டக்கூடத் தெரியாது. அவள் புருஷனுடைய பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாகிவிட்டது. திருச்சிப் பக்கம் ஒரு பெரியப்பா இருக்கிறார், அவரோடு சேர்ந்து வயல் வேலை பார்க்கலாம் என்று அந்த மனுஷன் கிளம்பிவிட்டார். நாலு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இவளும் தலையாட்டிவிட்டாள்.

அவள் தலையாட்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போகமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அழுதிருக்கலாம். ஒரு மாதமாக நான் அவளோடு பேசவில்லை. வழியனுப்ப ஸ்டேஷனுக்கும் வரமாட்டேன் என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவைத்திருந்தேன். சொன்ன மறுநாளே மனசு அடித்துக்கொண்டது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கும் பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என் வீட்டுக்காரர் என் முகத்துக்கு நேராகவே சொல்வார்.

ஹட்டனில் ஐந்து மணி ரயிலைப் பிடித்தால்தான் தலைமன்னார் போய்க் கப்பல் ஏற முடியும். பயணப் பத்திரத்தின் கெடு சனிக்கிழமையோடு முடிகிறது. அந்த ரயிலை விட்டால் அவர்களுக்கு இங்கேயும் இடமில்லை, அங்கேயும் இடமில்லை. தோட்டத்தில் பெயரை வெட்டிவிட்டார்கள். லயத்தில் அவர்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவில் அதற்குள் வேறு குடும்பம் வந்துவிட்டது.

காலையிலேயே மூன்று பேரும் தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முன்னறையில் பெட்டிமேல் உட்கார்ந்த தங்கை அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் அடுப்படிக்கும் பின்வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு மனசு சரியில்லையென்றால் கை எதையாவது தேய்க்க வேண்டும். சோற்றுப் பானையைத் தேய்த்தேன். காலையில் தேய்த்த அண்டாவை மறுபடியும் தேய்த்தேன். குழந்தை அழும் சத்தம் கேட்டபோது போய்த் தூக்கலாமா என்று எழுந்து, பாதி வழியில் திரும்பி வந்து, அரிவாள்மனையைத் தேய்த்தேன்.

பதினொரு மணிக்கு ஒரு வாடகை ஓட்டத்தை முடித்துவிட்டு அவர் வந்தார். ஆனி மாதம், மழை விட்டு விட்டுப் பெய்தது, மத்தியானத்துக்குள் எதிர்வீடு தெரியாதபடி பனிமூட்டம் இறங்கிவிட்டது. பகலிலேயே விளக்குப் போடாமல் கார் எடுக்க முடியாது. போட்டுப் பார்த்தார். வலது விளக்கு எரிந்தது, இடது விளக்கு எரியவில்லை.

"பல்புதான் போயிருக்கு. பத்து நிமிஷம்" என்றார்.

விளக்கின் அடியிலிருந்த திருகாணியைக் கழற்றி, வளையத்தையும் கண்ணாடியையும் எடுத்தார். உள்ளே ஒரு வெள்ளைக் கிண்ணம். பல்பின் வெளிச்சத்தை அதுதான் பிடித்து ரோட்டில் வீசும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. பல்பு துருவேறி இறுகிப்போயிருந்தது. அழுத்தித் திருப்பினாலும் அசையவில்லை. கிண்ணத்தோடு வெளியே எடுத்து, பின்வாசல் கல்லில் வைத்து, மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத்தான் கழற்றினார். கிண்ணத்தைக் கல்லிலேயே விட்டுவிட்டு, பழைய பல்பைக் கையில் எடுத்துக்கொண்டு புதியது வாங்கக் கடைக்குப் போனார்.

அந்தக் கல்லில்தான் என் சாமி விளக்குகளும் இருந்தன. வெள்ளிக்கிழமைக்கு வேண்டிய விளக்குகளை வியாழக்கிழமையே துலக்கிவிடுவது எங்கள் வழக்கம். குத்துவிளக்கு, தூபக்கால், தட்டு எல்லாவற்றிலும் புளியைப் பூசி ஊறவைத்திருந்தேன். சாம்பலும் தேங்காய் நாரும் பக்கத்தில் தயார். உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன். குத்துவிளக்கு முடிந்தது. தூபக்கால் முடிந்தது. உள்ளே தங்கை குழந்தையிடம் என்னவோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அது தெளிவாகக் கேட்கவில்லை, கேட்காததால் இன்னும் கோபம் வந்தது. கை தானாக அடுத்ததை எடுத்தது. கிண்ணம். உள்ளே கருப்புக் கருப்பாகப் புள்ளி விழுந்து மங்கிப்போயிருந்தது. விளக்கென்றால் கரி பிடிக்கத்தானே செய்யும்? அது சாமி விளக்கானால் என்ன, கார் விளக்கானால் என்ன? ஒரு கை புளியை அப்பி, சாம்பலைப் போட்டு, நாரால் ஒரு பிடி பிடித்தேன்.

தேய்க்கத் தேய்க்க வெள்ளை கழன்று உள்ளிருந்து மஞ்சள் வந்தது. அடேயப்பா, எத்தனை வருஷத்து அழுக்கு, இந்த மனுஷன் ஒருநாளாவது துடைத்திருப்பாரா என்று நினைத்தேன். அசல் பித்தளை பளபளவென்று தெரியும்வரை விடவில்லை. கழுவி, துணியால் துடைத்து, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். அன்று காலையிலிருந்து செய்ததில் அந்த ஒரு வேலைதான் மனசுக்குத் திருப்தியாக இருந்தது.

அவர் வந்து கிண்ணத்தை நிமிர்த்தினார். விரலால் உள்ளே தடவிப் பார்த்தார். பிறகு, "இது என்ன செஞ்சு வச்சிருக்க?" என்றார்.

"அழுக்கா இருந்துச்சுங்க. தேச்சு வச்சேன்."

"அழுக்கா? வெள்ளி பூசினதுடி அது! வேணும்னேதான் செஞ்சியா? அவ போகக் கூடாதுன்னு செஞ்சியா?"

அவர் அப்படிக் கத்துகிற ஆள் இல்லை. முன்னறையில் குழந்தையின் சத்தம்கூட நின்றுவிட்டது. இல்லை, சத்தியமாக எனக்குத் தெரியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்த கோபத்தில் கிண்ணத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். நான் மறுக்காததைத் தங்கை முன்னறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிண்ணத்தை முந்தானையில் பொத்திக்கொண்டு நானே கடைக்கு ஓடினேன். இரும்புக்கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"தேச்சதில கொற சொல்ல ஏலாது தங்கச்சி. ஆனா இத கொழும்புக்கு அனுப்பித்தான் திரும்பப் பூசணும். ஒரு மாசம் போகும்."

"அஞ்சு மணிக்கு ரயிலு நானா."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். கல்லாவுக்குப் பின்னால் பழைய தேயிலைப் பெட்டி ஒன்றில் ஆணி போட்டு வைத்திருந்தார். பெட்டியின் உட்புறம் முழுக்க வெள்ளையாக ஈயத்தாள் ஒட்டியிருந்தது. தேயிலைக்கு ஈரம் படாமலிருக்க ஒட்டுவது. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"கிழிச்சுக்கிட்டுப் போங்க. கையப் பாத்து, ஆணி."

கோதுமை மாவைக் கிண்டிப் பசை காய்ச்சி, கிண்ணத்துக்குள் தாளை ஒட்டினோம். என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் அழுத்த, நான் ஒரு பக்கம் அழுத்த, சுருக்கம் சுருக்கமாக வந்தது. புது பல்பைப் போட்டு, எல்லாவற்றையும் பூட்டி, சாவியைத் திருப்பினார். எரியத்தான் எரிந்தது. ஆனால் வெளிச்சம் ரோட்டைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போனது. மரத்தின் உச்சி தெரிந்தது, மேல்வீட்டுக் கூரை தெரிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"போலீஸ்காரன் பாத்தா ரெண்டு கண்ணும் எரியுதுன்னு விட்டுருவான். நமக்குத்தான் இடது பக்கம் குருடு" என்றார். மணி மூன்றே முக்கால். ஹட்டனுக்குப் போகும் இரண்டு மணி பஸ் போய் எவ்வளவோ நேரமாகிவிட்டது. "ஓரத்தப் பாத்துச் சொல்ல ஆளு வேணும். சகலை கார்ல ஏறினாலே வாந்தி எடுப்பாரு. கெடுத்தவதான் வழி சொல்லணும். ஏறு."

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஏறினேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று யாரிடமும் சொன்னதில்லை. கௌரவம் குறையாமல் ஸ்டேஷனுக்குப் போக ஒரு வழி கிடைத்துவிட்டதே.

முன் ஆசனத்தில் இடது பக்கம் நான். கண்ணாடியை இறக்கி, தலையையும் தோளையும் வெளியே நீட்டினேன். மழை முகத்தில் அறைந்தது. ரோட்டின் ஓரத்தில் கான் ஓடும், மழைத் தண்ணீருக்கு வெட்டிய ஆழமான வடிகால். கான் இல்லாத இடத்தில் நேராகப் பள்ளம். நான் கத்திக்கொண்டே வந்தேன். "ஓரம் இருக்கு, வாங்க... வாங்க... வலதுக்கு ஒடிங்க, கானு... இப்ப நேரா." அவர் என் குரலைக் கேட்டே ஓட்டினார்.

பாதி வழி இருக்கும். பின்னாலிருந்து, "அக்கா" என்றாள் தங்கை. ஒரு மாதத்தில் எங்களுக்குள் முதல் வார்த்தை.

"மச்சான் சொன்னது நெசமா? நான் போகக் கூடாதுன்னா செஞ்ச?"

என் வீட்டுக்காரர் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அதற்குள் அவருக்கு விஷயம் புரிந்திருக்கும். அழுக்கென்று நினைத்துத் தேய்த்த அசட்டுத்தனம் தவிர அதில் வேறொன்றுமில்லை. ஆனால் நீ போகாதே என்று ஒரு மாதமாக என் வாயில் வராத சொல்லை, அந்தப் பாழாய்ப்போன கிண்ணம் எனக்குப் பதிலாகச் சொல்லியிருக்கிறது. அதை நான் ஏன் மறுக்க வேண்டும்?

"ஆமா" என்றேன்.

பின்னாலிருந்து அவள் கை வந்து என் நனைந்த தோளைப் பிடித்தது. அதற்குப் பிறகு அந்தக் கை எடுபடவேயில்லை.

அடுத்த வளைவில் எனக்கு அந்த நினைப்பு வந்தது. இந்த ஒரு தடவை வாயை மூடிக்கொண்டால் போதும். சக்கரம் கானில் இறங்கும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆள் கூட்டி வந்து தூக்குவதற்குள் ரயில் போய்விடும். கெடு முடிந்தால் முடியட்டும், என் வீட்டில் ஒரு மூலை இல்லையா என்ன? கான் வந்துகொண்டேயிருந்தது, பழுப்புத் தண்ணீர் சுழித்து ஓடுவதுகூடத் தெரிந்தது.

"வலதுக்கு! வலதுக்கு ஒடிங்க!" என்று கத்தினேன். குழந்தையை நினைத்தா, பயந்தா, அவரை நம்பவைத்துக் கழுத்தறுக்கக் கூடாதென்றா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒரு வளைவைக்கூட நான் தவறவிடவில்லை.

ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றுகொண்டிருந்தது. என் வீட்டுக்காரரும் அவள் புருஷனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவளை ஏற்றிவிட்டு, குழந்தையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒரு முறை முத்தமிட்டேன். என் முகத்து மழைத் தண்ணீர் பட்டு அது சிணுங்கியது.

தங்கை குனிந்து என் காதருகில் வந்தாள். அழுகிறாளா, மழையா என்று தெரியவில்லை.

"நானும் வேண்டிக்கிட்டேன் அக்கா. ரயிலு போயிருக்கணும்னு கார்ல ஏறினதுலருந்து வேண்டிக்கிட்டு வந்தேன்."

விசில் ஊதினார்கள். வண்டி அசைந்தது. அவள் என் கையை விட்டாள்.

"அப்பறம் ஏன்க்கா அவ்வளவு சரியா ஓரம் சொன்ன?"

ரயிலோடு கூடவே நடந்தேன், பிளாட்பாரம் முடியும்வரை. பிறகு திரும்பி வந்து காரில் இடது பக்கம் ஏறி, வீட்டுக்கு ஓரம் சொல்லக் கண்ணாடியை இறக்கினேன்.